ஆக்டிவிட்டி சீட்: வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா?

ஓர் அம்மா எழுதிக் கேட்டிருக்கும் கேள்வி சுருக்கமாக இதுதான். முதல் குழந்தை, ஐந்து மாதம் முடிந்திருக்கிறது, ஏழு கிலோ, தலை நன்றாக நின்றுவிட்டது. அடுத்த மாதம் அவர் மறுபடியும் வேலையைத் தொடங்க வேண்டும், தன் வீட்டிலிருந்தபடியே. கடையில் ஒரு ஆக்டிவிட்டி சீட் பார்த்திருக்கிறார். நடுவில் துணி இருக்கை, சுற்றிலும் பொம்மை பொருத்திய தட்டு, அடியில் சக்கரம் கிடையாது. விலை 9,500 ரூபாய். அதே மாதிரி ஒன்று வாடகைக்கும் கிடைக்கிறது: மாதம் 1,400, கொண்டுவர 300, திரும்ப எடுத்துப்போக 300, முன்பணம் 3,000. இதற்கு நடுவில் மாமியார், "அதெல்லாம் எதுக்கும்மா, நான் ஒரு வாக்கர் வாங்கித் தர்றேன்" என்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு மாதத்துக்கு வாடகைக்கு எடுங்கள். குழந்தைக்குப் பிடித்திருந்தால் இன்னும் ஒன்றிரண்டு மாதம் நீட்டுங்கள், அல்லது யாராவது பயன்படுத்தி முடித்ததைப் பாதி விலைக்கு வாங்குங்கள். புதிதாக வாங்குவது கடைசி வழி. வாக்கர் வேண்டவே வேண்டாம்.

நான் குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட். பதினான்கு வருடமாக, உட்காராத, தவழாத, நடக்கத் தாமதமாகும் குழந்தைகளோடுதான் என் பொழுது போகிறது. மூத்தவளுக்கு இந்த இருக்கையை வாங்கி ஏமாந்தேன், இளையவனுக்கு வாடகைக்கு எடுத்தேன். ஆகவே இரண்டு பக்கமும் அனுபவம் உண்டு.

முதலில், எந்தப் பொருளைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆக்டிவிட்டி சீட் என்ற ஒரே பெயரில் மூன்று நான்கு சாமான்கள் விற்கின்றன. நீங்கள் பார்த்தது அசையாமல் நிற்கும் வகை. வாக்கரில் விழுந்து அடிபடும் குழந்தைகள் அதிகமானதால், அதற்கு மாற்றாக 1990களில் அமெரிக்காவில் எவன்ஃப்ளோ நிறுவனம் 'எக்சர்சாசர்' என்ற பெயரில் இதைப் பிரபலமாக்கியது. குழந்தை நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றித் திரும்பலாம், நகர முடியாது. இரண்டாவது, ஸ்பிரிங்கில் தொங்கும் இருக்கை. ஃபிஷர்-பிரைஸ் நிறுவனத்தின் ஜம்பரூ இந்த ரகம். குழந்தை கால் உந்திக் குதிக்கும். மூன்றாவது, தரையில் வைக்கும் ரப்பர் போன்ற குழி இருக்கை. தென்னாப்பிரிக்காவில் பிறந்த பம்போ இதில் பேர்போனது. நான்காவது, சக்கரம் வைத்த வாக்கர். வாடகைக்காரரிடம் போனில் பேசும்போது பெயரைச் சொல்லாதீர்கள், படத்தை அனுப்பச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஆக்டிவிட்டி சீட் கேட்டு, வீட்டுக்கு வாக்கர் வந்து இறங்கியது.

இப்போது முக்கியமான விஷயம். இந்த இருக்கை எத்தனை நாள் உதவும்?

தலை நிற்பதற்கு முன்னால் இதில் உட்கார வைக்கக் கூடாது. குழந்தை தானாக நடக்க ஆரம்பித்ததும், அல்லது ஏறி வெளியே வரப் பார்த்ததும் நிறுத்திவிட வேண்டும். உயரம், எடை வரம்பும் உண்டு. ஜம்பரூவில் 11.3 கிலோ, 81 சென்டிமீட்டர். காகிதத்தில் பார்த்தால் நாலரை மாதத்திலிருந்து பதினொன்று, பன்னிரண்டு மாதம் வரை என்று தோன்றும். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. ஏழெட்டு மாதத்தில் தவழ ஆரம்பித்த குழந்தைக்கு, அலமாரிக் கதவு, செருப்பு ஸ்டாண்டு, மிக்ஸி வயர் என்று உலகமே திறந்துவிடும். அதை விட்டுவிட்டு ஒரே இடத்தில் நிற்கச் சொன்னால் முதுகை வளைத்துக்கொண்டு கத்தும். மூன்றிலிருந்து நான்கு மாதம் நன்றாகப் பயன்பட்டால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மூன்று நான்கு மாதத்திலும் நாள் முழுக்க வைக்க முடியாது. பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறையான என்எச்எஸ், வாக்கர், பவுன்சர் (சாய்ந்து ஆடும் இருக்கை) போன்றவற்றை ஒரு முறைக்கு 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. நானும் பெற்றோரிடம் அதைத்தான் சொல்கிறேன்: இருபது நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு முறை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இரண்டு விஷயங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. விழித்திருக்கும்போது நாளெல்லாம் பிரித்துப் பிரித்துக் குறைந்தது 30 நிமிடமாவது குப்புறப் படுத்து விளையாட வேண்டும். ஒரே இடத்தில் கட்டிப்போட்டது போல ஒரு முறைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்கக் கூடாது.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? தரையில் குப்புறக் கிடக்கும் குழந்தை கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கும்போது கழுத்து, தோள், முதுகு, வயிறு எல்லாம் வேலை செய்கின்றன. எட்டாத பொம்மையை எடுக்க ஒரு பக்கம் எடையை மாற்றி மறு கையை நீட்டுகிறதே, அந்த எடை மாற்றம்தான் நாளைக்குத் தவழல், நாளை மறுநாள் நடை. இருக்கையில் நிற்கும் குழந்தையை இருக்கை தாங்குகிறது. இடுப்பும் வயிறும் ஓய்வெடுத்துக்கொள்ளும், கால் மட்டும் தரையைத் தள்ளும். அதுவும் உயரம் சரியில்லாமல் விரல் நுனியில் நின்றால், கெண்டைக்காலை விறைத்துக்கொண்டு தள்ளும் பழக்கம்தான் வரும்.

நம் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் இதை அழகாகக் கவனித்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதத்தைச் செங்கீரைப் பருவம் என்றார்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிற பருவம். ஒன்பதாம் மாதம் உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி. குழந்தை நடந்து வரும் வருகைப் பருவம் ஒரு வயது முடிந்த பிறகுதான். இந்தக் காலத்தில் இந்தியா (டெல்லி) உட்பட ஐந்து நாடுகளின் குழந்தைகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் அளந்து பார்த்தபோதும், தானாக உட்காருவது சராசரியாக ஆறாம் மாதம், தானாக நடப்பது சராசரியாகப் பன்னிரண்டாம் மாதம் என்றுதான் வந்தது. நடை 8 மாதத்திலும் வரலாம், 17 மாதத்திலும் வரலாம், இரண்டும் இயல்புதான். உங்கள் குழந்தை இப்போது இருப்பது செங்கீரையில். அதற்கு முதலில் வேண்டியது ஒரு பாய். இருக்கை அதற்கு அப்புறம்தான்.

சரி, கணக்குக்கு வருவோம்.

நாளைக்கு 40 நிமிடம் என்றால் இரண்டு மாதத்துக்கு 40 மணி நேரம். வாடகை 2,800, போக்குவரத்து 600, ஆக மொத்தம் 3,400. மணிக்கு 85 ரூபாய். புதிதாக வாங்கி நான்கு மாதம் முழுசாகப் பயன்படுத்தினாலும் 80 மணி நேரம்தான், 9,500ஐ வகுத்தால் மணிக்குக் கிட்டத்தட்ட 119 ரூபாய். வாங்கியதை விற்கலாமே என்பீர்கள். விற்கலாம். 3,500க்குப் போனால் உங்கள் கைநஷ்டம் 6,000. அப்போது நான்கு மாதம் வாடகைக்கு எடுத்ததும் (போக்குவரத்தோடு 6,200) வாங்கி விற்றதும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அதாவது, குழந்தை நான்கு மாதம் விரும்பி உட்காரும், நீங்களும் நல்ல விலைக்கு விற்றுவிடுவீர்கள் என்ற இரண்டு நம்பிக்கையும் பலித்தால்தான் வாங்குவது வாடகையோடு சமமாகும். இரண்டில் ஒன்று பொய்த்தாலும் நஷ்டம்.

எல்லாவற்றிலும் மலிவான வழியைக் கடையிலும் சொல்ல மாட்டார்கள், வாடகைக்காரரும் சொல்ல மாட்டார். நல்ல நிலையில் இருக்கும் பழையதை 4,000க்கு வாங்கி, மூன்று மாதம் கழித்து 3,000க்குக் கைமாற்றினால் செலவு ஆயிரம்தான். புதுசு என்ற பெயருக்கான விலையை முதலில் வாங்கியவர் கட்டிவிட்டார். ஆனால் அதற்கும் முன்னால் குழந்தைக்கு அது பிடிக்குமா என்று தெரிய வேண்டுமே? அதற்குத்தான் ஒரு மாத வாடகை. முதல் வாரத்திலேயே சில குழந்தைகள் தீர்ப்புச் சொல்லிவிடும்.

பணத்தைவிட என்னை வாடகைப் பக்கம் சாய்ப்பது வேறொரு காரணம். வாங்கிய பொருள் நம்மை வேலை வாங்கும். மூத்தவளுக்கு நான் மூன்றாம் மாதத்திலேயே, தீபாவளித் தள்ளுபடியில், தலை நிற்பதற்கு முன்பே வாங்கி வைத்துவிட்டேன். ஒன்றரை மாதம் அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது. அப்புறம் எடுத்தபோது வீட்டில் எல்லோருக்கும் ஒரே பேச்சு: "இவ்ளோ பணம் போட்டு வாங்கியிருக்கோம், உட்கார வை." இருபது நிமிடம் நாற்பதானது. மாலையில் என் அப்பா வந்தால் இன்னொரு அரை மணி. நாள் முழுக்க அடுத்த வீட்டுக் குழந்தைகளைப் பாயில் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, என் குழந்தையை நான் பிளாஸ்டிக் வட்டத்துக்குள் நிற்க வைத்திருந்தேன். ஏழரை மாதத்தில் அவள் ஒரு காலைத் தட்டின் மேல் தூக்கிப் போட்டாள். அன்றே அது லாஃப்டுக்குப் போனது. இரண்டு வருடம் கழித்து இறக்கியபோது துணியில் பூஞ்சை. கால் விலைக்கும் குறைவாகத்தான் போனது.

இளையவனுக்கு வாடகை. ஒரு மாதம் என்று தேதி போட்டு வந்ததால், அது விருந்தாளி மாதிரி இருந்தது. யாருக்கும் அதை உழைக்க வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஆனால் வாடகைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. முதலில் அனுப்பிய சீட்டில் ஒரு கால் பூட்டிக்கொள்ளவே இல்லை, அழுத்தினால் சரிந்தது. போட்டோ எடுத்து அனுப்பி, இரண்டு நாள் சண்டை போட்டுத்தான் மாற்றினேன். அதனால் சாமான் வந்த உடனே, கொண்டுவந்தவர் வாசலில் நிற்கும்போதே பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

மூன்று கால்களையும் தனித்தனியாகப் பூட்டி, உங்கள் இரண்டு கைகளாலும் தட்டை அழுத்திப் பாருங்கள், ஆடக் கூடாது. பிளாஸ்டிக்கில் விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். துணி இருக்கையைக் கழற்றித் துவைக்க முடிய வேண்டும். வந்தவுடன் நீங்களே ஒருமுறை துவைத்து வெயிலில் காயப்போடுங்கள், அவர்கள் துவைத்துத்தான் தந்தோம் என்றாலும். தையல் பிரிந்திருந்தால் வாங்காதீர்கள், குழந்தையின் முழு எடையும் அந்தத் தையலில்தான் நிற்கிறது. பொம்மைகளைத் திருகி இழுத்துப் பாருங்கள். கையோடு வருவதெல்லாம் வாய்க்குப் போகும். பாட்டுப் பாடும் பொம்மை என்றால் பேட்டரி மூடி ஸ்குருவால் பூட்டப்பட்டிருக்க வேண்டும். சிறிய வட்டப் பொத்தான் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும், இதில் சமரசமே கிடையாது. ஜம்பரூ வகை என்றால் ஸ்பிரிங்கின் மேல் உறை இருக்கிறதா பாருங்கள், பிஞ்சு விரல் மாட்டும். பொம்மை என்று விற்கப்படும் பெரும்பாலானவற்றுக்கு 2021 ஜனவரி முதல் நம் நாட்டில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். கழற்றி மாட்டும் பொம்மைகள் தனியாக வாங்கிச் சேர்த்தவையாக இருந்தால் அதையும் கேளுங்கள்.

மாடலின் பெயரையும் தயாரித்த வருடத்தையும் குறித்துக்கொண்டு, ஆபத்து என்று நிறுவனமே திரும்பப் பெற்ற மாடலா என்று இணையத்தில் தேடுங்கள். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பம்போ தரை இருக்கைகளை மேஜை, சமையல் மேடை மேல் வைத்துக் குழந்தைகள் விழுந்து மண்டை ஓட்டில் விரிசல் விழுந்ததால், 2012இல் அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் இருக்கைகளுக்கு எச்சரிக்கை விடுத்து, இடுப்புப் பட்டையை இலவசமாகக் கொடுத்தார்கள். பட்டை இல்லாத பழைய இருக்கைகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கலாம். எந்த இருக்கையாக இருந்தாலும் தரையில் மட்டும்தான், கட்டில் மேலும் வேண்டாம்.

முன்பணம் பற்றி ஒரே வார்த்தை: எந்தச் சேதத்துக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வீட்டில் வந்த பிறகு உயரத்தைச் சரிசெய்யுங்கள். பாதம் முழுவதும் தரையில் படிந்து, முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். குழந்தை இன்னும் எட்டவில்லை என்றால் காலுக்கடியில் தலையணை வைக்கும் வேலை வேண்டாம், இரண்டு வாரம் பொறுங்கள். உள்ளேயே தூங்கிவிட்டால் உடனே தூக்கி மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலை நெஞ்சில் சரிந்து மூச்சுக்குழல் மடங்கும். இருக்கையிலேயே தூங்கட்டும், எழுப்ப மனசில்லை என்பது எனக்கும் புரிகிறது, இருந்தாலும் தூக்கிவிடுங்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றாலோ, உடம்பு துவண்டோ விறைத்தோ இருக்கிறது என்று மருத்துவர் சொல்லியிருந்தாலோ, மேலே சொன்ன மாதக் கணக்கு எதுவும் பொருந்தாது. வாடகையோ விலையோ, முதலில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காட்டிவிடுங்கள்.

வாங்குவது நியாயமாகும் இடமும் உண்டு. இரட்டைக் குழந்தைகள் என்றால் ஒன்று வாங்கி மாற்றி மாற்றி உட்கார வைக்கலாம், மணி நேரக் கணக்கு இரட்டிப்பாகும். அக்கா, தங்கை, நாத்தனார் வீட்டில் அடுத்தடுத்துக் குழந்தைகள் வரிசையில் இருந்தாலும் சரி. வாடகைக்காரர்கள் வராத ஊர் என்றாலும் வேறு வழியில்லை. அப்போதும் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கும்போது பெட்டியோடு இருந்தால் நல்ல விலை.

இனி மாமியார் விஷயம். அவரை மறுத்துப் பேசுவது சங்கடம்தான், ஆனால் இங்கே விட்டுக்கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வாக்கரால் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்த, 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் 2,30,000க்கும் மேல். நான்கில் மூன்று பேர் மாடிப்படியில் விழுந்தவர்கள். பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும் அடி. கனடா 2004இல் வாக்கரை விற்பதையே தடை செய்துவிட்டது, பழையதைக்கூட விற்கக் கூடாது. வாக்கரில் ஒரு நொடியில் ஒரு மீட்டர் போய்விடும் குழந்தை. கேஸ் அடுப்பும் வாசல்படியும் நம் வீடுகளில் எவ்வளவு பக்கம் என்று யோசித்துப் பாருங்கள். சீக்கிரம் நடக்கும் என்பதும் உண்மை இல்லை. 1999இல் 109 குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், வாக்கரில் இருந்த குழந்தைகள் உட்காருவதும் தவழ்வதும் நடப்பதும் தாமதமாகத்தான் நடந்தன. பெரிய தட்டு கால்களை மறைத்துவிடுவதால் தன் கால் எங்கே போகிறது என்று குழந்தைக்குத் தெரியாமல் போகிறது என்றார்கள் ஆய்வாளர்கள். ஆக்டிவிட்டி சீட்டிலும் அந்தத் தட்டு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். இருபது நிமிட விதி அதற்கும்தான்.

மாமியாரிடம் இதையெல்லாம் புள்ளிவிவரமாக ஒப்பித்தால் எடுபடாது. "அத்தை, வாக்கர் வேண்டாம், குழந்தைக்குப் பத்து மாசம் ஆனதும் நீங்க மர நடைவண்டி வாங்கிக் கொடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். மூன்று சக்கர மர நடைவண்டி நல்ல சாமான். குழந்தை தன் எடையைத் தானே தாங்கி, பின்னால் நின்று தள்ளும். பிடித்து நிற்கத் தெரிந்த பிறகுதான் அது கைக்கு வரும், தன் கால் தனக்குத் தெரியும். ஆளில்லாமல் விடக் கூடாது, வழுவழுப்பான டைல்ஸில் ஓடிவிடும். அவருக்கும் தான் வாங்கிக் கொடுத்ததில் பேரப்பிள்ளை நடந்தது என்ற பெருமை இருக்கும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. அடுத்த மாதம் வேலை தொடங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். நாளைக்கு நாற்பது நிமிடம் தரும் பொருளை வைத்து எட்டு மணி நேர வேலையைச் சமாளிக்க முடியாது. ஒரு மீட்டிங்கே இருபது நிமிடத்தைத் தாண்டும். அந்த இருக்கை உங்களுக்குக் குளிக்க நேரம் தரும், தோசை ஊற்ற நேரம் தரும், சூடாக ஒரு டம்ளர் காபி தரும். நான் அதைக் குறைவாக நினைக்கவில்லை, அந்தக் காபி எனக்கு எவ்வளவு பெரிசாக இருந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் வேலை நேரத்துக்கு ஆள்தான் வேண்டும். வாக்கர் வாங்கித் தருகிறேன் என்று சொன்ன மாமியார் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை வந்து பாயில் பக்கத்தில் உட்கார முடியுமா என்று கேட்டுப் பாருங்களேன்.